கயானா நாட்டில் ஊதியமும் பிடித்தமும்

தோற்றுவாய்

தமிழில் ‘பிடித்தம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. விருப்பம் என்பது ஒன்று. கொடுக்கவேண்டிய தொகையினின்று கழித்து நிறுத்திக்கொள்ளும் பகுதி என்பது மற்றொன்று. திங்கள்தோறும் ஊதியச் சீட்டில் இவ்விரண்டாம் பொருளைக் காண்பவர் முதற்பொருளை அதன்மேல் ஏற்றிக் கூறத் துணியார். பேசிய ஊதியம் ஒன்று, கைக்கு வந்த ஊதியம் வேறொன்று என்னும் இந்நிலை உலகெங்கும் உள்ளதே. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு நாட்டின் அரசியலையே திருப்பியது என்றால், அதனை வரலாற்று மாணவர் எளிதிற் கடந்து செல்லல் ஆகாது. அத்தகைய நாடு கயானா.

கயானா தென் அமெரிக்காவின் வடகரையில் அமைந்தது. எனினும் மொழியாலும் கரும்புத் தோட்ட வரலாற்றாலும் அது கரிபியன் நாடுகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. கரிபியன் நாடுகளின் கூட்டமைப்பு தன் தலைமை அலுவலகத்தை அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனிலேயே வைத்துள்ளது. 1966ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் விடுதலை பெறும் வரை அதன் பெயர் பிரிட்டிஷ் கயானா. பாரதியார் பாடலால் பீஜித் தீவின் கரும்புத் தோட்டம் தமிழுலகிற் புகழ் பெற்றது. டெமராரா, பெர்பிஸ் ஆற்றங்கரைகளின் கரும்புத் தோட்டங்கள் அத்தகைய பாடலொன்றையும் பெறவில்லை. ஆயினும் அங்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோர் உளர். ‘மதராசி’ என அழைக்கப்பட்ட அவர்தம் வழியினர் இன்றும் காளியம்மன் வழிபாட்டைக் கைவிடாது போற்றுகின்றனர். வீரசாமி, முனிசாமி முதலிய பெயர்கள் உருத்திரிந்த வடிவில் அந்நாட்டுக் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன.

இக்கட்டுரையாசிரியன் பொருளியல் கற்றவன் அல்லன். கடல் கடந்த தமிழர் பற்றிய செய்திகளைத் தேடிச் சென்றபோது, வழிபாடு, பெயர், உணவு ஆகியவற்றைவிடக் கூலிக்கணக்கே அம்மக்களின் நினைவில் ஆழப் பதிந்திருந்தமை கண்டு இத்துறையிற் புகுந்தவன். கயானாவின் சிறந்த வரலாற்றறிஞரான வால்ட்டர் ராட்னியும், 1881 முதல் 1905 வரை அந்நாட்டு உழைக்கும் மக்கள் வாழ்ந்த வரலாற்றை எழுதிய தம் பெருநூலில் கூலிக்கே முதன்மை தந்துள்ளார். 1980இல் அவர் கொலையுண்டார். அந்நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது.

இருபத்துநான்கு சதம்

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை 1834 ஆகஸ்டு முதல் நாள் சட்டத்தால் ஒழிந்தது. ‘பயிற்சியாளர்’ என்ற பெயரால் நீடித்த கட்டாய உழைப்பு 1838 ஆகஸ்டு முதல் நாள் முடிவுற்றது. இவ்விரண்டாம் நாளுக்கு ஏறத்தாழ மூன்று திங்கள் முன்னரே, மே 5ஆம் நாள், ‘விட்பி’, ‘எஸ்பெரஸ்’ என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து 396 இந்தியரைக் கொணர்ந்து பிரிட்டிஷ் கயானாவில் இறக்கின. அடுத்த ஆண்டில் தடைப்பட்ட இக்குடியேற்றம் 1845இல் மீண்டும் தொடங்கி 1917 வரை நடந்தது. அக்காலத்தில் வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 2,39,000 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவிற் கப்பலேறிய வடநாட்டார். சென்னையிலிருந்து சென்றோர் சிறுபான்மையினரே. அவரும் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சென்றவர்.

ஒப்பந்தச் சீட்டில் எழுதிய கூலி தெளிவானது. உடல் வலியுடைய ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங். ஏனையோர்க்கு எட்டுப் பென்னி. அந்நாட்டு நாணயத்தில் 4 டாலர் 80 சதம் ஒரு பவுனுக்கு ஈடாதலின், ஒரு ஷில்லிங் 24 சதம் ஆகும். எட்டுப் பென்னி 16 சதம் ஆகும். வாரத்தில் ஆறு நாளும் உழைத்தவன் 1 டாலர் 44 சதம் பெறுதல் வேண்டும். இது சீட்டில் உள்ள கணக்கு.

களத்தில் நிகழ்ந்த கணக்கு வேறு. கூலி நாளைக் கொண்டு அளக்கப்படாமல் வேலையின் அளவைக் கொண்டு அளக்கப்பட்டது. இத்தனை கோல் நீளம் வாய்க்கால் வெட்டுதல், இத்தனை வரிசை களையெடுத்தல் என ஒரு நாட்பணி வரையறுக்கப்படும். அதனை வரையறுப்பவன் தோட்ட மேற்பார்வையாளன். நிலம் இறுகிக் கிடந்தாலும் மழையால் சேறானாலும் அவன் சொன்ன அளவே அளவு. அவ்வளவைப் பகலுக்குள் முடியாதவனுக்கு அந்நாளின் முழுக்கூலி இல்லை. முடித்தும் வேலை செப்பமாக இல்லை என மேற்பார்வையாளன் கூறினால், கூலி நிறுத்தப்படும். புதிதாக வந்தோர்க்கு முதற் சில திங்கள் தோட்டத்திலேயே உணவுப்பொருள் வழங்கப்பட்டது. அதன் விலையும் கூலியில் கழிக்கப்பட்டது. வேலைக்கு வாராமை உரிமையியல் வழக்கன்று, குற்றவியல் வழக்கு. ஆதலின் தண்டம் அல்லது சிறை விதிக்கப்பட்டது. சிறையிற் கழித்த நாட்களுக்குக் கூலி இல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தாயகம் திரும்பும் பயணமும் தொடக்கத்தில் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பின்னர் 1898 முதல் வந்த ஆடவர் அச்செலவில் பாதியையும், பெண்டிர் மூன்றில் ஒரு பங்கையும் தாமே ஏற்க நேர்ந்தது.

இவற்றை எல்லாம் அக்காலத்தில் எவரும் அறியாதிருந்தனர் என்று கருதல் வேண்டா. பிரிட்டிஷ் கயானாவில் நடுவராகப் பணி செய்து பின்னர் செயின்ட் லூசியாத் தீவிற்கு மாறிய டெவூ என்பார், 1869 டிசம்பரில் இலண்டன் அமைச்சருக்கு நெடியதொரு முறையீடு எழுதினார். கூலியை முறையின்றி நிறுத்தி வைத்தல் அவர் கூறிய குற்றங்களுள் ஒன்று. அதன் பயனாக 1870இல் ஆய்வுக் குழு ஒன்று அமைந்தது. எட்வர்டு ஜென்கின்ஸ் என்னும் வழக்கறிஞரும், முன்பு அந்நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த போமாண்டும் 1871இல் தனித்தனியே நூல்கள் வெளியிட்டனர். 1872இல் எசக்கிபோப் பகுதியின் டெவன்ஷயர் காசில் தோட்டத்தில் காவலர் சுட்டதில் ஐவர் இறந்தனர். 1913இல் பெர்பிஸ் பகுதியின் ரோஸ் ஹால் தோட்டத்தில் பதினைவர் இறந்தனர். இவ்விரண்டாம் பூசல், தருவதாகச் சொன்ன விடுமுறையைத் திரும்பப் பெற்றதில் தொடங்கியது. கொடுத்ததைத் திரும்பப் பறித்தல் கொடாமையினும் கொடிது என்பதனை அத்தோட்டத்தார் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

குடியேற்றம் நின்று, எஞ்சிய ஒப்பந்தங்களும் 1920இல் நீக்கப்பட்டன. அதன் பின்னர்ப் புதிய வகைக் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கலாமா என ஆராய இந்தியாவிலிருந்து 1922இல் ஒரு குழு சென்றது. சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினரான திவான் பகதூர் கேசவப் பிள்ளை அக்குழுவிற் சென்றவர். சென்னை மாநிலத்தின் பொதுவாழ்வில் இருந்த ஒருவர் கயானாத் தோட்டங்களின் ஊதியத்தையும் குடியிருப்பையும் நேரிற் கண்டு எழுதிய அறிக்கை என்ற முறையில், அது நம் ஆய்வாளர் பலரும் தேடிப் படிக்கத் தக்கது.

மூன்றில் ஒரு பங்கு

இதுகாறும் கூறியன இந்தியர் பக்கத்துச் செய்திகள். இவற்றோடு நின்றுவிடுதல் நம்மவர் எழுதும் கட்டுரைகளிற் பொதுவாகக் காணப்படும் குறை. அந்நாட்டில் நமக்கு முன்னரே உழைத்தோர் ஆப்பிரிக்க வழியினர். அவர்க்கும் கூலி பற்றிய நினைவு உண்டு; அது நம்மவர் நினைவினும் பழமையானது.

1839 நவம்பரில், அடிமைத் தளையினின்று விடுபட்ட 83 தொழிலாளர் ஒன்றுகூடி, தாம் சிறுகச் சிறுகச் சேர்த்த கூலிப் பணத்தைக் கொண்டு கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கினர். அதுவே பின்னர் விக்டோரியா என்னும் சிற்றூர் ஆயிற்று. கைக்கு வந்த கூலி நிலமாக மாறுதலைத் தோட்டத்தார் விரும்பினரல்லர். 1842இல் கூலியைக் குறைத்துப் புது விதிகளைப் புகுத்த முயன்றனர். தொழிலாளர் வேலையை நிறுத்தி வென்றனர். 1846இல் பிரிட்டன் சர்க்கரைத் தீர்வைச் சட்டத்தை மாற்றியது. அதனால் குடியேற்ற நாட்டுச் சர்க்கரைக்கு இருந்த சலுகை தளர்ந்தது. 1848இல் தோட்டத்தார் கூலியை நாலில் ஒரு பங்கு குறைத்தனர். தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். ஆனால் இம்முறை தோற்றனர். இடையில் வந்திறங்கிய குடியேறிகள் ஒப்பந்தத்தாற் கட்டுண்டு வேலையைத் தொடர்ந்தமை அத்தோல்விக்கு ஒரு காரணம்.

இங்கே வரியின் செய்தி வந்து கலக்கிறது. குடியேறிகளைக் கொணரும் செலவு முழுவதையும் தோட்டத்தார் ஏற்கவில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு நாட்டின் பொது வருவாயினின்று கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் வருமான வரி இல்லை. பொது வருவாயின் பெரும்பகுதி மாவு, உப்பிட்ட மீன் முதலிய இறக்குமதிப் பண்டங்களின் மீது விதித்த தீர்வையால் வந்தது. அப்பண்டங்களை வாங்கி உண்டவர் உழைக்கும் மக்களே. ஆகவே, தன் கூலியைக் குறைக்கும் போட்டியாளனைக் கப்பலேற்றிக் கொணரும் செலவில் ஒரு பங்கினை, ஆப்பிரிக்க வழித் தொழிலாளி தான் வாங்கிய ஒவ்வொரு படி மாவின் வழியாகவும் கொடுத்து வந்தான். இந்தியத் தொழிலாளியின் பிடித்தம் கண்ணுக்குத் தெரிந்தது. கூலி கொடுக்கும் மேசையில் நிகழ்ந்தது. ஆப்பிரிக்க வழியினன் கொடுத்த பிடித்தம் கடைக்காரனின் விலைக்குள் மறைந்திருந்தது. ஒருவன் பட்ட இழப்பை மற்றவன் காணவில்லை. பின்னாளில் இவ்விரு மக்களுக்கும் இடையே எழுந்த ஐயுறவிற்குச் சமயமும் நிறமும் மட்டுமே காரணம் எனக் கூறுவார் இக்கணக்கினையும் உடன்வைத்துப் பார்த்தல் நன்று.

வருமான வரியின் வருகை

கரிபியன் பகுதியில் வருமான வரி முதல் உலகப் போரை அடுத்துப் பரவியது. ஜமெய்க்காவில் 1919இல் அதற்குச் சட்டம் இயன்றது. தன்னாட்சி பெறாத குடியேற்ற நாடுகளுக்கென 1922இல் இலண்டனில் மாதிரிச் சட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பிரிட்டிஷ் கயானாவின் சட்டம் 1929ஆம் ஆண்டிற்குரியது. தொடக்கத்தில் அது தோட்டக் குழுமங்களையும் உயர் அலுவலரையும் வணிகரையுமே தொட்டது. கரும்பு வெட்டுவோனுக்கும் துறைமுகச் சுமையாளுக்கும் அது தொலைவில் நிகழ்ந்த செய்தி. ஊதியம் வழங்குவோரே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் முறையைப் பிரிட்டன் 1944இல் கைக்கொண்டது. பின்னர் அம்முறை குடியேற்ற நாடுகளிலும் வேரூன்றியது.

கால்டார் வகுத்த திட்டம்

1961 ஆகஸ்டு 21ஆம் நாள் நடந்த தேர்தலில் செட்டி ஜகனின் மக்கள் முன்னேற்றக் கட்சி 35 இடங்களுள் 20 இடங்களில் வென்றது. பர்னாம் தலைமையில் இயங்கிய கட்சி 11 இடமும், வணிகரான பீட்டர் டகியாரின் கட்சி 4 இடமும் பெற்றன. ஆனால் வாக்குக் கணக்கில் முதலிரு கட்சிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு நூற்றுக்கு இரண்டினும் குறைவே. ஜகன் கட்சிக்குத் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் வாழ்ந்த இந்தியரும், பர்னாம் கட்சிக்கு நகரிலும் அரசு அலுவலகங்களிலும் பணி செய்த ஆப்பிரிக்க வழியினரும் பெரிதும் துணை நின்றனர்.

புதிய அரசின் கருவூலம் வறண்டிருந்தது. வெளிநாட்டுக் கடன் எளிதிற் கிடைப்பதாக இல்லை. எனவே கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டாரை அழைத்தனர். இப்பெயர் நம் நாட்டார்க்குப் புதிதன்று. 1956இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்து வரிச் சீர்திருத்தம் பற்றி அறிக்கை தந்தவர் அவரே. அவ்வறிக்கையை ஒட்டித்தான் நிதியமைச்சரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். 1958இல் கால்டார் இலங்கைக்கும் அறிவுரை கூறினார். அங்கும் அடுத்த ஆண்டில் செலவு வரி வந்தது. இந்தியா, இலங்கை, கானா, கயானா எனப் புதிதாக எழுந்த நாடுகள் பல, ஒரே மருத்துவரிடம் சென்று ஏறத்தாழ ஒரே மருந்தினைப் பெற்றன எனலாம்.

அம்மருந்தின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். வருமான வரி மட்டும் உள்ள நாட்டில் அதனை ஒழுங்காகக் கொடுப்பவன் ஊதியக்காரன் ஒருவனே. அவன் வருமானம் பிறர் எழுதும் ஏட்டில் உள்ளமையால் அதனை மறைத்தல் இயலாது. வணிகனோ தன் ஏட்டைத் தானே எழுதுகிறான். இதனைத் தீர்க்க, வருமானம், சொத்து, சொத்து விற்பனையால் வரும் ஆதாயம், கொடை ஆகிய ஒவ்வொன்றின் மீதும் வரி விதித்தால், ஓரிடத்தில் மறைத்தது மற்றோரிடத்தில் வெளிப்பட்டுவிடும் என்பது கால்டாரின் கருத்து. 1962 சனவரி 31ஆம் நாள் நிதியமைச்சர் சார்லஸ் ஜேக்கப் முன்வைத்த திட்டத்தில் சொத்து வரி, மூலதன ஆதாய வரி, கொடை வரி ஆகியன இருந்தன. இழப்பையே கணக்குக் காட்டும் வணிகரும் தப்பாமலிருக்க, விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 2 வீதம் குறைந்த அளவு வரியாகக் கொள்ளவும் வழி செய்யப்பட்டது. இறக்குமதிப் பண்டங்கள் பலவற்றின் தீர்வையும் உயர்ந்தது.

இவை எல்லாம் பெரும்பாலும் செல்வரையும் குழுமங்களையும் நோக்கியவை. ஆயின் திட்டத்தில் இன்னுமொன்று இருந்தது. அதுதான் கட்டாயச் சேமிப்பு. மாதம் 100 டாலருக்கு மேற்பட்ட ஊதியங்களில் நூற்றுக்கு 5 வீதமும், குழும வருமானம் முதலியவற்றில் நூற்றுக்கு 10 வீதமும் பிடித்துக்கொண்டு அரசுப் பத்திரம் வழங்கப்படும். ஏழாண்டு கழித்து அத்தொகை திருப்பித் தரப்படும். ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்றே முக்கால் வட்டி; அவ்வட்டிக்கு வரி இல்லை. பொருளியல் நோக்கில் இது வரியன்று, கடன். கடன் கொடுத்தவனுக்கு வட்டியும் உண்டு.

ஆனால் ஊதியம் வாங்கும் எழுத்தனுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? அவன் கண்டது கைக்கு வரும் தொகை குறைவதை. அரசு ஊழியரின் ஊதியத் திருத்தம் பற்றிய பூசல் முன்னரே புகைந்துகொண்டிருந்தது. கூட்டித் தருமாறு கேட்டவன் குறைத்துப் பெறும் நிலைக்கு வந்தான். ஏழாண்டு கழித்துத் திருப்பித் தருவோம் என்று கூறிய அரசு, 1953இல் ஆட்சிக்கு வந்து 133 நாளில் பிரிட்டிஷ் படையால் அகற்றப்பட்ட கட்சியின் அரசு. அது ஏழாண்டு நிலைத்து நிற்கும் என்று எதிரணியார் மட்டுமன்று, அதன் அன்பரும் உறுதி கூற இயலாது. மேலும் ஒன்று: நெல் விளைவிப்போனிடமோ சிறு கடைக்காரனிடமோ நூற்றுக்கு ஐந்து வீதம் பிடித்தல் அரிது. ஊதியப் பட்டியலில் உள்ளவனிடம் அது மிக எளிது. வணிகன் தப்புவதைத் தடுக்க வந்த அறிஞர் வகுத்த திட்டத்திலேயே, கைக்கு மிக எளிதில் அகப்பட்டவன் மீண்டும் அவ்வூதியக்காரனே ஆயினான். ஊதியப் பட்டியலில் இருந்தவருள் நகரத்து ஆப்பிரிக்க வழியினர் மிகுதி. கடைகளிலும் வயல்களிலும் இந்தியர் மிகுதி. இத்திட்டம் ஓர் இனத்தின் மேல் ஏவப்பட்டது அன்று. ஆனால் அவ்வாறு ஏவப்பட்டதாகக் கூறுதல் எளிதாயிற்று. கூறியவரும் இருந்தனர், நம்பியவரும் இருந்தனர்.

பெப்ரவரி முதல் வாரத்திலேயே ஊர்வலங்கள் தொடங்கின. அரசு ஊழியர் சங்கமும் தொழிற்சங்கப் பேரவையும் வேலை நிறுத்தத்தில் இறங்கின. பர்னாமும் டகியாரும் தம்முட் கொள்கையால் வேறுபட்டவர். எனினும் இதில் ஒன்றுபட்டனர். அரசு அஞ்சிப் பின்வாங்கியது. கட்டாயச் சேமிப்பின் எல்லை 100 டாலரினின்று 300 டாலராக உயர்த்தப்பட்டது. அதனால் சிறு ஊழியர் அனைவரும் அதனின்று நீங்கினர். ஆனால் அச்செய்தி காலம் கடந்து வந்தது. பெப்ரவரி 16ஆம் நாள் வெள்ளிக்கிழமை ஜார்ஜ் டவுன் வணிகத் தெருக்களில் தீப்பற்றியது. 56 கட்டடங்கள் முற்றும் எரிந்தன. மேலும் பல கொள்ளையிடப்பட்டன. காவல் அலுவலர் ஒருவர் உட்பட ஐவர் உயிரிழந்தனர். பிரிட்டிஷ் படையினர் வந்தே நகரை அமைதிப்படுத்தினர். அந்நாட்டார் அந்நாளைக் கரிய வெள்ளி என இன்றும் வழங்குவர். எரிந்த கடைகளுள் இந்தியர் கடைகள் பல இருந்தன.

இந்நிகழ்ச்சி பற்றி ஆராயக் காமன்வெல்த் சார்பில் மூவர் குழு அமைந்தது. அதன் தலைவர் சர் ஹென்றி வின் பாரி. கானா நாட்டின் சர் எட்வர்டு அசாபு அட்ஜாயியும், இந்தியாவின் நீதிபதி கோஸ்லாவும் உறுப்பினர். வரித் திட்டத்தில் நாட்டைக் கெடுக்கும் தீமை எதுவும் இல்லை என அக்குழு கண்டது. எதிர்த்த தலைவர்களின் உள்நோக்கம் அரசியலே என்றும், தொழிற்சங்கத்தார் மறுத்துரைத்த போதிலும் அவர் செயலிலும் அரசியற் சார்பு பெரும் பங்கு பெற்றது என்றும் கூறியது. இம்முடிவு தலைவர்களைப் பொறுத்தவரை ஏற்கத் தக்கதே. ஆனால் தெருவில் இறங்கிய எழுத்தனும் சுமையாளும் ஏன் இறங்கினர் என்பதற்கு அது போதிய விடையன்று. தலைவர் மூட்டிய தீ என்றால், பற்றுவதற்கு உலர்ந்த விறகு எங்கிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும். 1961 செப்டம்பரில் கானா நாட்டிலும் இதே போன்ற கட்டாயச் சேமிப்பை எதிர்த்துச் செக்கண்டி, தக்கொராடி ஆகிய இரட்டை நகரங்களின் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அங்கு இந்தியர் ஆப்பிரிக்கர் பூசல் இல்லை. ஆயினும் வேலைநிறுத்தம் எழுந்தது. எனவே இனப்பூசல் இதற்குத் துணைக் காரணமேயன்றி முதற்காரணம் அன்று என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1963இல் கட்டாய வைப்புத் திட்டம் வந்தது. 1974இல் ஊதிய உயர்வு முழுவதையும், கூடுதலான பஞ்சப்படியிற் பாதியையும் கட்டாய வைப்பாக நிறுத்தும் சட்டம் வந்தது. அதனை நம் மூத்த ஆசிரியர் பலர் இன்றும் மறக்கவில்லை. இங்கும் முணுமுணுப்பு எழுந்தது, நகரம் எரியவில்லை. பணம் திரும்பி வரும் என்னும் நம்பிக்கை இங்கு ஓரளவேனும் இருந்தமையே வேறுபாடு எனத் தோன்றுகிறது.

திட்டத்திற்குப் பின்

1963இல் தொழிலாளர் உறவுச் சட்ட முன்வரைவை ஒட்டி 80 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 1964இல் இனக்கலவரம் பரவிப் பலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் புதிய தேர்தல் முறையால் ஜகன் ஆட்சியிழந்தார். பர்னாம் தலைமையமைச்சரானார், 1962இல் வரியை எதிர்த்து ஊர்வலம் நடத்திய டகியார் நிதியமைச்சரானார். இக்காலத்தில் அமெரிக்க அரசின் மறைமுகத் தலையீடு இருந்தமை அந்நாட்டு அரசே பின்னர் வெளியிட்ட ஆவணங்களால் ஐயமின்றித் தெரியவருகிறது.

ஆட்சி மாறியதே தவிரப் பிடித்தம் மாறவில்லை. 1969இல் தேசியக் காப்புறுதித் திட்டம் வந்து ஊதியச் சீட்டில் புதியதொரு வரியினைச் சேர்த்தது. 1974இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை உயர்ந்தபோது, அரசு சர்க்கரை ஏற்றுமதி மீது தனித் தீர்வை விதித்தது. குழுமத்தின் ஆதாயத்தில் தொழிலாளர்க்குரிய பங்கு அதனாற் சுருங்கியது. 1976இல் தோட்டங்கள் நாட்டுடைமை ஆயின. 1977இல் அப்பங்கினைக் கேட்டுக் கரும்புத் தொழிலாளர் 135 நாள் வேலையை நிறுத்தினர். இம்முறை தெருவில் நின்றவர் பெரும்பாலும் இந்திய வழியினர். 1962இல் எதிரெதிரே நின்ற இரு சாராரும் பதினைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே குறையைச் சொல்லித் தனித்தனியே போராடினர். ஒருவர் போராடியபோது மற்றவர் பெரிதும் விலகி நின்றனர்.

கால்டார் திட்டத்தின் பிற உறுப்புக்களோ எதிர்பார்த்ததினும் நீண்டநாள் வாழ்ந்தன. சொத்து வரியும் மூலதன ஆதாய வரியும் அரை நூற்றாண்டிற்கு மேலாக அந்நாட்டுச் சட்டத்தில் நிலைத்திருந்தன. நகரம் எரிந்தது அவற்றின் பொருட்டு அன்று.

ஊதியச் சீட்டு

இனி அண்மைக் காலத்து ஊதியச் சீட்டு ஒன்றைப் பார்ப்போம். கயானாவில் 2019 டிசம்பர் முதல் கடலடி எண்ணெய் எடுக்கப்படுகிறது. அதன் பின்னர் வரியில்லாத ஊதிய எல்லை பல முறை உயர்ந்துள்ளது. 2022இல் அது மாதம் 75,000 கயானா டாலர், 2023இல் 85,000, 2024இல் 1,00,000, 2025இல் 1,30,000. அமெரிக்க டாலர் ஒன்று ஏறத்தாழ 208 கயானா டாலருக்கு ஈடு என்பதை நினைவிற் கொள்க. ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு இவ்வெல்லையினும் மிகுமாயின் அம்மூன்றில் ஒரு பங்கே வரியில்லாத் தொகையாகக் கொள்ளப்படும். 2025இல் வரி வீதம் முதற்படியில் நூற்றுக்கு 28இலிருந்து 25ஆகவும், மேற்படியில் 40இலிருந்து 35ஆகவும் குறைந்தது.

அவ்வாண்டில் மாதம் 2,00,000 கயானா டாலர் ஊதியம் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேசியக் காப்புறுதிக்கு அவர் பங்கு நூற்றுக்கு 5.6 வீதம், அது 11,200 டாலர். வேலை தருவோர் தனியே 8.4 வீதம் செலுத்துவர். அது சீட்டில் ஊதியத்தைக் குறைப்பதில்லை. 2,00,000இலிருந்து வரியில்லாத் தொகையான 1,30,000ஐயும் காப்புறுதித் தொகையான 11,200ஐயும் கழிக்க எஞ்சுவது 58,800. இதற்கே வரி உண்டு. நூற்றுக்கு 25 வீதம் 14,700 டாலர். ஆக இரு பிடித்தங்களும் சேர்ந்து 25,900. கைக்கு வருவது 1,74,100 டாலர். ஊதியம் முழுவதன் மீது நூற்றுக்கு 25 வீதம் போய்விடுகிறது என எண்ணுவது பிழை. வருமான வரி மட்டும் கணக்கிட்டால் அது ஊதியத்தில் நூற்றுக்கு ஏழரைக்கும் சற்றுக் குறைவே. இக்கணக்கை ஒருவர் தாமே போட்டுப் பார்க்க இயல்வது சிறிய செய்தியன்று. ஒப்பந்தக் கூலியாள் தன் 24 சதத்திலிருந்து எது, ஏன் கழிந்தது என மேற்பார்வையாளனைக் கேட்டறிய முடிந்ததில்லை.

இதில் சேராத பிடித்தம் ஒன்றும் உண்டு. 2007 முதல் அந்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வழங்கி வருகிறது. தொடக்கத்தில் நூற்றுக்கு 16, 2017 முதல் 14. மாவுக்குள் மறைந்திருந்த பழைய தீர்வையைப் போல இதுவும் விலைக்குள் அமைவது; ஊதியச் சீட்டில் தோன்றுவதில்லை. உணவுப் பொருள் பலவற்றிற்கு விலக்கு அளித்துள்ளமையால் பழைய தீர்வை அளவிற்கு அது வறியோரை வருத்துவதில்லை என்பதையும் கூறுதல் வேண்டும்.

2024 அக்டோபரில் அரசு ஒரு புதுமை செய்தது. பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 1,00,000 டாலர் ஒருமுறை வழங்குவதாக அறிவித்தது. முதலில் குடும்பத்திற்கு 2,00,000 டாலர் என்றே அறிவித்தனர். குடும்பம் என்பது யாது, அதன் தலைவர் யார், அப்பணத்தை யார் கையிற் கொடுப்பது என்னும் வினாக்கள் எழுந்தன. சில நாட்களுக்குள் அறிவிப்பு மாற்றப்பட்டு, பணம் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே கொடுப்பதாக முடிவாயிற்று.